நூறாவது சீட்டு

அங்க இல்லீங்க, கைக்குக் கீழ பாருங்க. சைடுல ஒரு இஞ்சு தையல் விட்டிருக்குது. ஆமாங்க, அங்கதான். நீங்க வந்து உக்காந்ததுமே பாத்துட்டேன். ஒறம்பரையா வந்தவங்ககிட்ட எடுத்த எடுப்புல இதையாச் சொல்றதுன்னு வாய மூடிட்டு இருந்தேன், முடியல. பதினேழு வருசமாச் செக்கிங் டேபிள்ல நிக்கறவளுக்கு மனுசங்க மொகத்துக்கு முந்தித் தையல்தான் கண்ணுல படுது, என்னத்தப் பண்றது. ஒரு ஊசி போட்டுத் தரட்டுங்களா? வேண்டாங்களா? சரி, போறப்பப் பாத்துக்கலாம். அப்பிடியே உட்டீங்கன்னா சென்னை போறதுக்குள்ள முழுசாப் பிரிஞ்சுக்கும், சொல்லிப்போட்டேன்.

பேரு என்னன்னு சொன்னீங்க? மைதிலிங்களா. நல்ல பேருங்க. அண்ணனோட சென்னை ஆபீசுல எத்தன வருசமுங்க? ஓ, வெப்சைட்டுக்குன்னே புதுசாச் சேத்துனாங்களா. நான் கூடப் பத்திரிகைக்கு எழுதறதுக்கோன்னு நெனச்சேன். அதென்னங்க, செல்போனாட்டம் இருக்குது? பேசறத எடுக்கறதுங்களா. எடுங்க எடுங்க. செவப்பு லைட்டு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தமுங்களா? சரி.

ஆமாங்க, நாந்தான் அந்தச் சித்ரகலா. திருப்பூர்ல ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு நம்ம எம்.பி. பூபாலன் அண்ணன் மேடைக்கு மேடை சொல்றாரே, அந்த அம்மா நாந்தான். டெல்லியில அவரு பொஸ்தகம் ஒண்ணு வெளியிடப் போறாராமே, தகவல் யுகத்துல நாட்டுத் தலைமை எப்பிடி இருக்கோணும்னு. அதுல மொதப் பக்கமே என்ற போட்டோவுங்களா? அடக் கெரகமே. இல்லீங்க, சந்தோசந்தான். சந்தோசமா இல்லாம என்னங்க.

சொல்றேன், மொதல்ல இருந்தே சொல்றேன். போன ஏப்ரல் மாசமுங்க, ஓட்டுக் கேட்டு எங்க பனியன் கம்பெனிக்கு வந்தாரு. வர்றவங்க எல்லாம் வாசல்ல நின்னு கும்பிட்டுப்போட்டுப் போயிருவாங்க. இவரு அப்பிடி இல்ல. நேரா உள்ள வந்து, கட்டிங், ஓவர்லாக், அயனிங்குன்னு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்து என்ற டேபிள் முன்னால நின்னுக்கிட்டாரு. நான் ஒரு டீசர்ட்டக் கையில வெச்சிருந்தேன், தோள்ல தையல் கோணிப் போயிருந்துது. இது யாரு தெச்சதுன்னு உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும், இத்தன பேரு தெக்கறாங்களேன்னு கேட்டாரு. பண்டில் டிக்கெட்டக் காட்டுனேன். உங்களுக்குத் தெரியாதில்லீங்க, துணிய வெட்டுனதும் இருவது பீசு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு சீட்டு. நம்பரு, சைசு, லைனு, எந்த டெய்லர், எல்லாம் அதுல இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத கட்டு ஒரு அடி நகராது. நான் நின்ன எடத்துல இருந்தே கூப்புட்டேன், ஏப்பா நாலாவது லைன் பொன்னுச்சாமி, இங்க வாப்பான்னு. அவனும் தலயச் சொறிஞ்சுக்கிட்டு வந்து நின்னான். அண்ணனுக்கு மொகமெல்லாம் பூரிச்சுப் போச்சுங்க. இதத்தாம்மா நான் டெல்லியில போயிச் சொல்லோணும்னு அலையறேன்னாரு.

அன்னிக்குச் சாயங்காலம் பழைய பஸ் ஸ்டேண்டுப் பக்கம் மீட்டிங்கு. நானும் போயிருந்தேன். அண்ணன் பேசுனது அப்பிடியே இன்னும் காதுல இருக்குதுங்க. கூட்டத்தத் தெரிஞ்சவன் பழைய தலைவன், ஒவ்வொரு ஆளையும் தெரிஞ்சவந்தான் புதுத் தலைவன்னாரு. டெல்லியில ஒக்காந்து ஒரு பொத்தான அமுக்குனா, இந்த ஊருல எந்தச் சந்துல எந்தக் கொழாயில தண்ணி வரலைங்கறது தெரியோணும், அது யாரு ஊட்டுக்கு முன்னாலங்கறதும் தெரியோணும், நூறு கோடிப் பேரு இருந்தாலும் நூறு கோடிச் சீட்டு இருக்கோணும்னாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பொய் சொல்லலீங்க. எங்களையெல்லாம் ஒரு ஆளா எவன் பாத்தான்? கம்பெனி வேன்ல அள்ளிட்டுப் போயி, வேன்ல அள்ளிட்டு வந்து உடற கூட்டந்தானுங்களே நாங்க. இந்த மனுசன் பேரு சொல்லிக் கூப்புடறேங்கறாரேன்னு இருந்துது.

ஜெயிச்சதும் ஆள் அனுப்புனாரு. மக்கள் தகவல் இயக்கம்னு ஆரம்பிக்கறோம், வீடு வீடாப் போயிக் கொறை கேட்டு எழுதிட்டு வரோணும், எழுதுன சீட்டச் சரி பாக்கற பொறுப்பு உங்களுதுன்னாரு. கம்பெனியில ரெண்டு மாசம் லீவு வாங்கிக் குடுத்ததும் அவருதான். அறுவது புள்ளைங்க, சேவூர்ல இருந்து அவிநாசிபாளையம் வரைக்கும் போவாங்க. பொழுதோட சீட்டுக் கட்டு என்ற டேபிளுக்கு வரும். நான் பாத்துச் சீல் குத்துனாத்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒரு சீட்டு என்ற கண்ணுக்குத் தப்பிப் போனதில்லீங்க. அதுல எனக்குப் பெரும, இன்னிக்கும் சொல்லுவேன்.

அதுல ஒண்ணு சொல்லோணும். இத எழுதுவீங்களோ மாட்டீங்களோ. சென்னையில இருந்து அச்சடிச்சு வந்த சீட்டுல, பேரு விருப்பப்பட்டா எழுதலாம்னுதான் போட்டிருந்துது. மொத நாள் பயிற்சியில நான் எந்திரிச்சு நின்னு, அதென்னங்க விருப்பப்பட்டா, ஊரு பேரு இல்லாத பீசு என்ற டேபிளுக்கு வரப்படாதுன்னேன். பேரு, வேல செய்யற எடம், எந்த ஷிப்ட்டு, செல் நம்பரு, இது நாலும் இல்லீன்னா சீட்டத் திருப்பி மூஞ்சில வீசுவேன்னேன். அண்ணன் கை தட்டுனாரு. பாத்துக்கங்க, சிஸ்டம்னா என்னன்னு இந்தம்மாவப் பாத்துக் கத்துக்கங்கன்னாரு. சென்னையில இருந்து வந்திருந்த பையன் ஒருத்தன் மட்டும், அக்கா, சில பேரு பயப்படுவாங்களேன்னு மெல்ல இழுத்தான். குத்தம் சொல்றவனுக்கு என்னடா பயம், குத்தம் பண்ணுனவனுக்குத்தான் பயம்னு அவன் வாய அடச்சுப்போட்டேன். எனக்குத்தான் வாய் நீளமாச்சுங்களே.

தண்ணி குடிங்க. நல்ல தண்ணிதான், லாரித் தண்ணி. ஆத்துத் தண்ணியெல்லாம் கையி கழுவக் கூட ஆகாது.

ஊட்டுக்காரருங்களா? தங்கவேலுங்க. இப்ப வந்துருவாரு, அஞ்சரை பஸ்சுல. சோமனூருக்குப் போயிருக்காரு, தறிக் குடோன்ல வேலை. என்ன வேலைன்னா... தார் சுத்தறாருங்க. தறி நாடாவுக்குள்ள போடற குச்சியில நூலச் சுத்தறது. அங்கெல்லாம் அது பொம்பளைங்களும் வயசானவங்களும் செய்யற வேலை. இவருக்கு நாப்பத்திமூணு வயசு. கல்யாணமாகி வந்த நாளா சாயப்பட்டறையில துணிக்குச் சாயம் ஏத்தற வின்ச்சு மெசினு ஓட்டுன மனுசன். ஊட்டுக்கு வந்து கைய நீட்டுனாப் போதும், இன்னிக்கு என்ன ஆர்டர் ஓடுதுன்னு நான் சொல்லிருவேன். நேவி, மெரூன், பாட்டில் கிரீன். சாயம் நகக்கண்ணு வரைக்கும் ஏறியிருக்கும். இப்ப ரெண்டு மாசத்துல எல்லாம் போயி நகமெல்லாம் வெளுத்துப் போச்சு. 

இல்லீங்க, அவராப் போகல. நிறுத்திப்போட்டாங்க.

இருங்க, அதத்தான் சொல்ல வர்றேன். நீங்க கேட்டது வேற, நான் சொல்றது வேறன்னு நெனைக்காதீங்க. எல்லாம் ஒரே நாயந்தான், ஒரே கதைதான்.

செப்டம்பர் மாசம் அண்ணன் ஆபீசுல, வந்த கொறையெல்லாம் ரகம் ரகமாப் பிரிச்சாங்க. ரோடு ஒரு பக்கம், ரேசன் ஒரு பக்கம், சாயத்தண்ணி ஒரு பக்கம். அந்தந்த எடத்துக்கு நடவடிக்கைக்குன்னு அனுப்புனாங்க. ரோட்டுக் கொறை ரோட்டு ஆபீசுக்குப் போச்சு. சாயத்தண்ணிக் கொறை எங்க போச்சுங்கறீங்க? பட்டறை மொதலாளிங்க ஒரு கூட்டம் போட்டாங்க, அங்க போச்சு. நீங்களே பேசித் திருத்திக்கங்கன்னு ஒரு கடுதாசி வெச்சு, பிரிண்ட்டும் வெச்சு. பிரிண்ட்டுல அத்தன கட்டமும் இருந்துது. பேரு, பட்டறை, ஷிப்ட்டு, செல் நம்பரு. நான் திருப்பி வீசுவேன்னு மெரட்டி வாங்குன நாலும்.

எங்கூட்டுக்காரரு பட்டறையில நாலு பேரு, நாலு பேருக்கும் வேலை போச்சு. ஒவ்வொருத்தரா மேனேஜர் ரூமுக்குக் கூப்புட்டாங்க. மத்த மூணு பேரும் ஆமாங்க, எழுதிக் குடுத்தோம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தன் பொண்டாட்டி புள்ளையோட சிவகங்கைப் பக்கம் அவங்கூருக்கே போயிட்டான். இவரு மட்டும், நான் எந்தச் சீட்டும் எழுதலீங்கன்னு சாதிச்சாரு. மேனேஜர் பேப்பரத் திருப்பிக் காட்டுனாராம். பேரு தங்கவேலு. பகல் ஷிப்ட்டு. நம்பரு இவருதே. கொறைங்கற எடத்துல, மழை வந்தா வால்வத் தெறந்து உடச் சொல்றாங்க, என்ற கையாலதான் தெறந்து உடறேன்னு இருந்துதாம். மனுசன் பேப்பர வாங்கித் திரும்பத் திரும்பப் படிச்சாராம். ஏன்னா அது அவரு சொன்ன வார்த்தைதான். எழுத்து எழுத்தா அவரு வார்த்தைதான்.

உங்களுக்குப் புரியுதுங்களா? கெட்ட தண்ணிய மெசினுல உட்டுச் சுத்தம் பண்ணித்தான் வெளிய உடோணும். மழை பேஞ்சு ஆத்துல தண்ணி வந்துட்டா, அதோட கலந்து போயிரும், யாருக்குந் தெரியாதுன்னு நேராத் தெறந்து உடறது. தெறக்கறது இவரு வேலை. போர்மேன் சொன்னாத் தெறக்கோணும். அது அவருக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துது. அவங்க அக்கா ஊடு ஆத்தோரந்தான். அவங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணியில சோறு வெச்சா மஞ்சக் கலராப் போகுது. அந்தச் சோத்துக்கு முன்னால ஒக்காந்தப்ப இவருக்கு எப்பிடி இருந்திருக்கும்.

வெளிய இத அவரு ஒரே ஒருத்தர்கிட்டத்தான் சொல்லியிருக்காரு. மருதாசலத்துகிட்ட. ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குச் சேந்தவங்க, ஒரே தட்டுல சோறு தின்னவங்க. எங்க கல்யாணத்துல இவருக்கு மாப்பிள்ளைத் தோழனே அவருதான். அந்தப் பிரிண்ட்டுல மருதாசலம் பேரு இல்ல. அவர வேலைய உட்டும் எடுக்கல. எடுக்காதது மட்டுமில்ல, எங்கூட்டுக்காரரு நின்ன மெசினுக்கே அவரப் போட்டுட்டாங்க. போதாதுங்களா? எம் பேருல சீட்ட எழுதிப்போட்டு எம் மெசினப் புடிச்சுக்கிட்டான்னு இவரு முடிவு பண்ணிப்போட்டாரு.

தீவாளிக்கு மருதாசலம் பலகாரம் கொண்டாந்தாரு. அந்தா, அந்தக் கேட்டுக்கு வெளிய நின்னாரு. இவரு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. தங்கவேலு, எம் புள்ளைங்க மேல ஆணை, நான் எழுதலடான்னு கேட்டப் புடிச்சுட்டு அழுதாருங்க. அம்பது வயசு ஆம்பள, தெருவே பாக்குது. நான் நடுவாசல்ல நின்னுட்டிருந்தேன். பலகாரத்த வாங்கறதா வேண்டாமான்னு தெரியாம நின்னுட்டிருந்தேன். அப்பறம் அவரு சம்சாரம் சின்னாத்தாள் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா. போறப்ப என்னய ஒரு பார்வ பாத்தா.

அண்ணங்கிட்டயா? போனேன், போகாம இருப்பேனா. ஆபீசுல உக்கார வெச்சு டீ குடுத்தாரு. மருவாதிக்கு ஒரு கொறையும் இல்ல. பேரு வெளிய போயிருக்கக் கூடாதுங்க, பாவமுங்க, நாலு குடும்பம், ஒரு போன் போட்டுச் சொல்லி வேலைக்கு எடுத்துக்கச் சொல்லுங்கன்னேன். கண்ண மூடிக் கேட்டுட்டு இருந்துட்டு, ஏம்மா, இவ்வளவு பெரிய சிஸ்டம் வர்றப்ப ஒண்ணு ரெண்டு பீசு டேமேஜ் ஆகத்தான் செய்யும், அது உங்களுக்குத் தெரியாததான்னாரு. அடுத்த தடவ பேர மறச்சு அனுப்பறாப்புல மாத்திரலாம்னாரு. அவரு கெட்டவருன்னு நான் சொல்ல வரலீங்க. வேணும்னு பண்ணல. ஆனா நான் ஊட்டுக்காரரச் சொல்றேன், அவரு பீசுங்கறாரு. அதுவும் என்ற வாயில வர்ற வார்த்தையே என்ற முன்னால வந்து நிக்குது. டீய அப்பிடியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

பஸ்சுல வர்றப்பத்தான் எனக்கு ஒறச்சுதுங்க. பண்டில் டிக்கெட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? தப்பாத் தெச்சவனக் கூப்புட்டு நாலு பேரு முன்னால திட்டத்தான். பதினேழு வருசமா நான் வேற எதுக்கு அத எடுத்தேன்? பொன்னுச்சாமி எத்தன தடவ என்ற முன்னால தலயத் தொங்கப் போட்டு நின்னிருப்பான். தப்புப் பண்ணுனவன் மேல கட்ட வேண்டிய சீட்ட, தப்ப எடுத்துச் சொன்னவன் மேல கட்டிப்போட்டேன். கட்டிக் கொண்டு போயித் தப்புப் பண்ணுனவங்க டேபிள்லயே வெச்சுப்போட்டோம். இத உங்க அண்ணன் பொஸ்தகத்துல எந்தப் பக்கத்துல போடுவீங்க?

ஒண்ணுமில்லீங்க, கண்ணுல தூசு. இல்லீங்க, தூசு இல்ல. அழுகதான் வருது, அழுதுட்டுப் போறேன், உட்டுருங்க.

இவரு என்னயக் கேட்டாருங்களான்னா... ஒரே ஒருக்கா கேட்டாரு. அத்தன சீட்டும் உன்ற கைக்குத்தானே வந்துது, மருதாசலம் எழுதுனது உன்ற கண்ணுல படலியான்னாரு. ஆயரக்கணக்குல வருது, ஒவ்வொண்ணையுமா பாக்க முடியும்னேன். அதும் சரிதான்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதோட சரி.

இன்னிக்கு உங்கள வரச் சொன்னதுக்குக் காரணமிருக்குது கண்ணு. கண்ணுன்னு கூப்புட்டாத் தப்பில்லையே? எனக்கு இப்பிடியொரு மக இருந்திருந்தா உங்க வயசுதான் இருக்கும். நீங்க அடுத்த வாரம் வர்றேன்னுதான் போன் போட்டீங்க. நாந்தான் இன்னிக்கே வாங்கன்னு அடம் புடிச்சேன். நாளைக்குக் கிருத்திக. நாளைக்குச் சிவன்மலையில மருதாசலம் கற்பூரம் அணைக்கறாரு. ஆமாங்க, முருகன் சன்னதியில உள்ளங்கையில கற்பூரத்தக் கொளுத்தி, நான் செய்யலன்னு சத்தியம் பண்ணிக் கைய மூடறது. எங்க பக்கத்துல அதுக்கு மேல பேச்சே கிடையாது. இவருதான் கேட்டாரு, அவரும் வர்றேன்னுட்டாரு. சின்னாத்தாள் போன் பண்ணி அழுகறா. அவருக்குச் சக்கர வியாதி, கையில சூடு பட்டா ஆறாதுக்கா, நீங்களாவது சொல்லுங்கங்கறா. இவருகிட்டச் சொன்னா, சாமி பாத்துக்குமுங்கறாரு. கற்பூரம் அணைச்சதுக்கப்பறம் ரெண்டு பேருல யாரோ ஒருத்தரு பொய்யின்னு ஆயிப்போகுமுங்களே. மருதாசலம் பொய் சொல்லலீன்னு இவருக்குத் தெரிஞ்சாலும், அப்ப யாருன்னு கேக்கோணுமில்ல.

வெளிய ஒருத்தர்கிட்டத்தான் சொன்னாருன்னேனில்லீங்க. ஊட்டுக்குள்ளயும் ஒருத்திகிட்டச் சொன்னாரு. ஜூலை மாசம், நல்ல மழை. நனஞ்சுட்டு வந்து, அடுப்படியில பலகைய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. நான் தோசை சுட்டுட்டு இருந்தேன். கையப் பாத்துட்டே, இன்னிக்கும் என்ற கையாலதான் தெறந்து உட்டேன் கலான்னாரு. தலயத் தடவி உட்டேன். தின்னுட்டுத் தூங்கிப் போனாரு. நான் அன்னிக்கு வந்த கட்ட எடுத்து வெச்சு எண்ணுனேன். ஒரு நாளைக்கு நூறு சீட்டுன்னு அண்ணங்கிட்டச் சொல்லியிருந்தேன். ஒரு நாளும் கொறஞ்சதில்ல. அன்னிக்குத் தொண்ணூத்தொம்பது இருந்துது. பேனா பக்கத்துலயே இருந்துதுங்க.

நூறுக்காகத்தான் எழுதுனேன்னு சொல்லிப்போட்டா லேசாப் போயிரும். அது மட்டுமில்ல. இத அண்ணன் பாத்தா வால்வ மூட வெப்பாரு, இவரு நெஞ்சுல இருக்கற பாரம் எறங்கும்னு நெசமாவே நம்புனேன். நம்பித்தான் பேரு, பட்டறை, ஷிப்ட்டு, நம்பருன்னு நாலையும் எழுதி, சீல் குத்துனேன். அவருகிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு மட்டும் தோணல.

ரெண்டு பேருகிட்டச் சொன்ன மனுசன், ஒருத்தன மட்டுந்தாங்க சந்தேகப்பட்டாரு. இன்னொருத்திய நெனச்சே பாக்கல.

கேட்டுச் சத்தம் கேக்குதுங்களா? அவருதான். இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க. அந்தச் செவப்பு லைட்டு எரியுதில்ல? எரியட்டும், அமத்தாதீங்க. நாளைக்கு நான் மாத்திப் பேசுனா இது இருக்கட்டும்.

வாங்க. பஸ்சுல எடம் கெடச்சுதுங்களா? இவங்க மைதிலி, அண்ணன் ஆபீசுல இருந்து வந்திருக்காங்க. செருப்பக் கழட்டிட்டு இப்பிடி வந்து உக்காருங்க. மருதாசலண்ணனுக்கு ஒரு போன் போடோணும், நாளைக்கு மலைக்கு வர வேண்டாம்னு. நீங்க போடாதீங்க, நானே போடறேன். மொதல்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லிப்போட்டு.